உறைந்த அருவியில் ஏறலாம்... ஆனா, தனியா மட்டும் போகாதீங்க!

மைனஸ் 15 டிகிரி குளிர்ல மனுஷன் போர்வைக்குள்ளதானே இருக்கணும்? கனடாவின் ராக்கி மலைப் பக்கம் கதையே வேற. குளிர்காலம் வந்துட்டா, வார இறுதியில் விடியறதுக்கு முன்னாடியே முதுகுப்பையோட கிளம்பிடுறாங்க. காட்டுப் பாதையெல்லாம் பனி மூடியிருக்கும். அருவிகள் விழுந்த கோலத்திலேயே உறைஞ்சு நிற்கும். பாதையில் சறுக்கிப் போறது கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங். அருவியில் ஏறுறது ஐஸ் கிளைம்பிங்.

இங்கே இதையெல்லாம் சொல்லித்தர்ற பழைய கை, 'ஆல்பைன் கிளப் ஆஃப் கனடா'. 1906-ல் வினிபெக் நகரத்தில் தொடங்கிய சங்கம். நில அளவையாளரான ஆர்தர் வீலர், அமெரிக்க மலையேற்றச் சங்கத்தின் கிளையாகவே இதை ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார். கனடாவுக்குச் சொந்தமா ஒரு சங்கம் வேணும்னு பத்திரிகையில் எழுதி மல்லுக்கு நின்றவர் எலிசபெத் பார்க்கர். முதல் நாளிலிருந்தே பெண்களும் உறுப்பினர்கள். லண்டனின் புகழ்பெற்ற ஆல்பைன் கிளப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1970-களில்தான் என்பதை நினைச்சுப் பாருங்க! இப்போ தலைமையகம் கேன்மோர் என்ற மலையூரில். டொரன்டோ உட்பட பல நகரங்களில் கிளைகள் இருக்கு.

குதிகால் தூக்கும் ஸ்கீ

சினிமாவில் மலை உச்சியிலிருந்து சர்ருனு இறங்குற ஸ்கீ வேற, இது வேற. இதில் ஷூவின் முன்பக்கம் மட்டும்தான் மாட்டியிருக்கும், குதிகால் தூக்கும். அதனால சமதளத்திலும் ஏற்றத்திலும் நடக்கிற மாதிரியே போகலாம். முன்னாடி சறுக்கணும், ஆனா பின்னாடி வழுக்கக் கூடாது. அது எப்படி? பாதத்துக்கு நேர் கீழே தேய்க்கிற மெழுகுதான் சூட்சுமம். அழுத்தி உதைக்கும்போது பனித்துகள்கள் மெழுகில் குத்திப் பிடிச்சுக்கும். குளிருக்கு ஏத்தபடி மெழுகின் நிறம் மாறும்: கடும் குளிருக்குப் பச்சை, கொஞ்சம் தணிஞ்சா நீலம், பூஜ்ஜியத்தை ஒட்டினா சிவப்பு. இந்தத் தலைவலியே வேண்டாம்னா, அடியில் மீன் செதில் மாதிரி வெட்டு உள்ள ஸ்கீயை வாடகைக்கு எடுங்க. புதுசா வர்றவங்களுக்கு அதுதான் நல்லது.

பழக நல்ல இடம், 1988 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டின கேன்மோர் நார்டிக் சென்டர். அங்கே பழகினவங்க அடுத்துப் போக ஆசைப்படுறது யோஹோ தேசியப் பூங்காவின் லேக் ஓஹாரா. சுமார் 11 கி.மீ. ஸ்கீயிங். போய்ச் சேர்ந்தா மரத்தாலான ஒரு மலைக்குடில். அதன் பெயர் எலிசபெத் பார்க்கர் குடில்!

கோடாரி, முள், கயிறு

ஐஸ் கிளைம்பிங்கில் ரெண்டு கையிலும் கோடாரி, ஷூவுக்கு அடியில் முன்பக்கம் பல் நீட்டின கிராம்பான். கோடாரியின் அலகு வளைஞ்சிருந்தா பனிக்கட்டியில் நல்லா பிடிக்கும்னு 1960-களில் மாத்தி அமைச்சவர்களில் ஒருவர் இவான் சுவினார். ஆமா, பின்னாளில் 'படகோனியா' பிராண்டை ஆரம்பிச்ச அதே ஆள்தான்.

புதுசா வர்றவங்க கையால தொங்கப் பார்ப்பாங்க. பத்தே நிமிஷத்தில் முழங்கை வலி வந்துடும். பாரம் காலில்தான் இருக்கணும். கயிறு மேலே கட்டியிருக்கும், நண்பர் கீழே பிடிச்சிருப்பார்; வழுக்கினாலும் அப்படியே தொங்குவீங்க. பான்ஃப் தேசியப் பூங்காவின் ஜான்ஸ்டன் கேன்யனில் உறைஞ்சு நிற்கிற 30 மீட்டர் அருவியில் ஏறுறவங்களை நின்னு வேடிக்கை பார்க்கலாம். உறைஞ்ச விரல்களில் மறுபடி ரத்தம் பாயும்போது வரும் வலி இருக்கே, வாந்தியே வந்துடும். அதுக்குத் தனியா ஒரு செல்லப்பெயரே வெச்சிருக்காங்க!

அருவி எங்கே இருக்கும்? மலையின் ஓடைப் பள்ளத்தில். மேலே தேங்கின பனி சரிஞ்சா, அதுவும் அந்தப் பள்ளம் வழியாத்தான் வரும். புதைஞ்சவங்களை முதல் 10 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு. அதுக்கப்புறம் மூச்சுத் திணறி அந்த வாய்ப்பு வேகமாகக் குறையும். ஹெலிகாப்டர் அதுக்குள்ள வராது. காப்பாத்த முடிஞ்சவங்க கூட வந்தவங்க மட்டும்தான்.

அதனாலதான் பனிச்சரிவு வர வாய்ப்புள்ள இடத்துக்குப் போகும்போது ஒவ்வொருத்தரும் மூணு பொருள் வெச்சிருக்கணும்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்புற டிரான்ஸீவர், குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வெட்டி. இதில் ஒண்ணு இல்லாட்டியும் 'நீங்க வர வேண்டாம்'னு சொல்ற குழுத்தலைவர்தான் நல்ல தலைவர். கிளம்புறதுக்கு முன்னாடி பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்க்கணும். அளவு 1 முதல் 5 வரை. நாலு, அஞ்சுன்னா யாரும் போக மாட்டாங்க; நடுவில் இருக்கிற 3-ஐப் பார்த்து 'பரவாயில்ல'னு போற நாட்களில்தான் நிறைய உயிர்கள் போயிருக்கு.

அப்புறம், உங்க போன். டிரான்ஸீவருக்குப் பக்கத்தில் இருந்தா சிக்னலையே குழப்பிடும். குறைஞ்சது 20 செ.மீ. தள்ளி வைக்கணும், யாரையாவது தேடும்போது 50 செ.மீ. இல்லாட்டி ஆஃப் பண்ணிடுங்க. செல்ஃபியெல்லாம் குடிலுக்குப் போய் எடுத்துக்கலாம்.