நிலா இருக்கும்போது எந்த வண்ணம்?

தூண்டில்காரங்க வெளிச்சம் பாத்து செயற்கை இரையோட வண்ணத்தை மாத்துவாங்க. ஆழத்துல சிவப்பு முதல்ல மங்கும். அந்தியில கறுப்போட உருவம் எடுப்பாத் தெரியும். ஜவ்வாது மலைக் காவலூர்ல விண்மீன் பிடிக்கிறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் மக்களே.

நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடி, 1960களில் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி வந்தது, 1972-ல் 1 மீட்டர். ஆனா எந்த ராத்திரி எதைப் பாக்கணும்னு முடிவு பண்றது நிலாதான். என்னை மாதிரி கோடு எழுதுறவனுக்கு அது ஒரு இஃப்-எல்ஸ். அமாவாசையை ஒட்டின ராத்திரின்னா, மங்கலான விண்மீன் மண்டலங்கள். பௌர்ணமியை ஒட்டின்னா, பிரகாசமான விண்மீன்களோட நிறமாலை. நிலவொளியில நீலம்தான் காத்துல அதிகமா சிதறும். அதனால நீல வடிகட்டி வழியா வானமே வெளுத்துத் தெரியும். சிவப்பு வடிகட்டி ஓரளவு தாங்கும்.

பாப்பு 1982-ல் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. இன்னிக்கு அது அவர் பேர்லயே இருக்கு.

நிலா பதினஞ்சு நாள்ல தேய்ஞ்சிடும், காத்திருக்கலாம். ஊர் விளக்கு தேயாது. வெள்ளை எல்இடியில நீலமும் நிறைய. தெருவிளக்குக்குத் தரை பாத்த மூடி போட்டா, தெருவுக்கும் வெளிச்சம் போதும், மலைக்கும் இருட்டு மிஞ்சும்.