மோகனூர்க் கவிஞரும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையும்

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் 1888 அக்டோபர் 19 அன்று பிறந்தார். 1972 ஆகஸ்ட் 24 அன்று மறைந்தார். ஒருவர் எழுதியதற்கு, அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு என்கிறது இந்தியச் சட்டம். அந்தக் கணக்குப்படி அவருடைய நூல்கள் 2032 டிசம்பர் முடிய யாரோ ஒருவரின் உடைமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்று நாமக்கல் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒரு மாணவி அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவலைக் கைப்பேசியில் படித்தாலும், நகலெடுத்துத் தோழிக்குக் கொடுத்தாலும் யாரும் வழக்குப் போட முடியாது. தமிழக அரசு அந்த நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது.

இந்த ஏற்பாடு எல்லா எழுத்தாளருக்கும் வாய்க்கவில்லை. அதனால்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் மேசைக்கு ‘எங்கள் நூலை நகலெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு புகார் வரும்போது அதை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1847இல் இந்தியாவுக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு 1914இல் இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டி இன்னொன்று வந்தது. சுதந்திர இந்தியாவின் சொந்தச் சட்டம் 1957இல் நிறைவேறி, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் தமிழ்நாடு தன் வழியைக் கண்டிருந்தது. பாரதியின் எழுத்துகளை யார் அச்சிடலாம், யார் பாடலாம் என்ற சண்டை முற்றிய நிலையில், 1949இல் சென்னை மாகாண அரசு அந்த உரிமைகளை ஏற்றது. பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. அவர் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகளில் பாரதி எழுத்து முழுவதும் மக்களுக்குப் பொதுவானது. எழுத்தாளரின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கும் பிற்கால வழக்கத்துக்கு இதுவே முன்னோடி.

வங்கத்தில் நடந்தது நேர்மாறு. தாகூரின் பதிப்புரிமை, அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1941இல் மறைந்தவருக்கு 50 ஆண்டுக் காப்பு 1991 முடிவில் தீர வேண்டும். தீரும் நேரத்தில் சட்டத்தையே திருத்தி 60 ஆண்டாக்கினார்கள். அந்தத் திருத்தம் நாட்டிலுள்ள எல்லா எழுத்துக்கும் பொருந்தியது. தாகூர் எழுத்து பொதுவானது 2001இன் முடிவில்தான். பல்கலைக்கழகங்கள் பதிப்புரிமைப் புகாருக்குப் பதில் சொல்லும் இடம் மட்டும் அல்ல, உரிமையைக் காத்து நிற்கும் இடமும்கூட என்பதற்கு விசுவபாரதியே சாட்சி.

சேலத்தில் இந்தக் கேள்வி கூர்மையானது 1997க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. செப்டம்பர் 17 அன்று பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகள் இதன் கீழ் வந்தன. ராசிபுரமும் திருச்செங்கோடும் ஏற்கெனவே கல்லூரிகளும் விடுதிப் பள்ளிகளுமாக நிறைந்து கொண்டிருந்த காலம். ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் ஒரு ஜெராக்ஸ் கடை. நூலகத்தில் ஒரே பிரதியாக இருக்கும் பாடநூலின் இரண்டு அத்தியாயங்கள் அங்கே ஸ்பைரல் பைண்டிங் ஆகி ஒரு வகுப்புக்கே பாடமாகும். நெசவுக் குடும்பத்திலிருந்தும் கோழிப்பண்ணைக் கூலிக் குடும்பத்திலிருந்தும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளுக்கு அந்த ஸ்பைரல் கட்டுதான் புத்தகம்.

அந்தக் கட்டு சட்டப்படி செல்லுமா?

இதற்கு விடை டெல்லியிலிருந்து வந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் வழக்குத் தொடுத்தன. எதிரில் நின்றவை டெல்லிப் பொருளாதாரக் கல்லூரி வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையும், அதற்கு இடம் கொடுத்த டெல்லிப் பல்கலைக்கழகமும். ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த பக்கங்களைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து ஒரே கட்டாகத் தருவது குற்றம் என்பது பதிப்பகங்களின் வாதம். பக்கம் 40 காசு என்பது பல்கலைக்கழகம் கடைக்கு நிர்ணயித்த விலை. மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கமாகத் திரண்டு வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வழக்கைத் திரும்பப் பெறுமாறு அமர்த்தியா சென் எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் கையெழுத்திட்டார்கள். நகலெடுக்கப்பட்ட அந்த நூல்களை எழுதியவர்களும் அவர்களில் உண்டு.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா தீர்ப்பளித்தார். ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்துவதன் பொருட்டு ஒரு படைப்பை நகலெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது என்று 1957 சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்காரர் கையால் எடுத்தாலும் பயன் அதுவே என்பது தீர்ப்பின் சாரம். டிசம்பர் 9 அன்று இருவர் அமர்வும் இந்தக் கருத்தையே ஏற்றது. இத்தனை பக்கம்தான் எடுக்கலாம் என்ற வரம்பைச் சட்டம் வைக்கவில்லை, பாடத்துக்குத் தேவையா என்பதே அளவுகோல் என்றது. அந்தத் தேவையை விசாரிக்க வழக்குத் திரும்பி வந்தது. ஆனால் 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

திருச்செங்கோட்டு ஸ்பைரல் கட்டுக்கும் இந்தத் தீர்ப்பு வழிகாட்டுகிறது. ஆனால் அது பேசுவது வகுப்பறைத் தேவையைப் பற்றி மட்டுமே. அதே கட்டை ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றினால் கதை வேறு.

இணையத்துக்கான விதி பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்திலும் 2013 விதிகளிலும் இருக்கிறது. பிறர் இடும் கோப்புகளைத் தற்காலிகமாகத் தாங்கிநிற்கும் இடைநிலையாளரிடம் உரிமையாளர் எழுத்துமூலம் புகார் தரலாம். எந்தப் படைப்பு, உரிமை தமக்கு எப்படி வந்தது, மீறல் எந்த முகவரியில் உள்ளது என்பதோடு, நீதிமன்றம் போவேன் என்ற உறுதிமொழியும் அதில் இருக்க வேண்டும். புகாரில் திருப்தி ஏற்பட்டால் 36 மணி நேரத்தில் அதை எட்டாதபடி செய்ய வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் கோப்பைத் திரும்ப வைக்கலாம். புகார் சொன்னதாலேயே ஒரு படைப்பு நிரந்தரமாக மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது. அமெரிக்காவில் 2003இல் இசைத்தட்டு நிறுவனங்கள் நேரடியாக மாணவர்கள் மீதே வழக்குப் போட்டன. 2008இல் அந்நாட்டுச் சட்டம் திருட்டுப் பதிவிறக்கத்தைத் தடுக்கும் திட்டம் வகுக்கும் பொறுப்பைக் கல்லூரிகள் தலையிலேயே வைத்தது. இந்திய மாணவருக்கு அந்த நிலை வராதது நல்லது.

ஆனால் பல்கலைக்கழகம் தானே ஏற்றும் கோப்புக்கு இடைநிலையாளர் என்ற கேடயம் கிடையாது. 2009 முதல் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதியை ஒப்படைக்கச் சொன்னது பல்கலைக்கழக மானியக் குழு. அவை காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் நடத்தும் சோத்கங்கா தொகுப்பில் சேர்கின்றன. பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்கே உண்டு. முன்பு தடித்த அட்டையோடு நூலக அலமாரியில் தூங்கிய ஆய்வேடு இப்போது உலகமே படிக்கும்படி திறந்து கிடக்கிறது. தன் பத்தி அதில் நகலாகி இருந்தால் அதை யாரும் கண்டுபிடிக்கலாம்.

2018இல் கருத்துத் திருட்டுக்கென மானியக் குழு விதி செய்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. துறை அளவில் ஒரு குழுவும் நிறுவன அளவில் ஒரு குழுவும் விசாரிக்க வேண்டும்.

இங்கேதான் பல கல்லூரிகளில் குழப்பம் வருகிறது. கருத்துத் திருட்டும் பதிப்புரிமை மீறலும் ஒன்றல்ல. ‘மலைக்கள்ளன்’ நாவலின் பக்கங்களைத் தன் எழுத்தாக ஆய்வேட்டில் சேர்த்தால், நூல் நாட்டுடைமை என்பதால் சட்ட மீறல் இல்லை. ஆனால் அது திருட்டு, பட்டமே போகலாம். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நாவலை, பெயர் சொல்லி, முழுதாகப் பின்னிணைப்பில் சேர்த்து இணையத்தில் ஏற்றினால் கருத்துத் திருட்டு இல்லை. ஆனால் சட்ட மீறல். முன்னதைத் துறைக் குழு விசாரிக்கலாம். பின்னதைச் சட்டம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் ஒரே படிவத்தில் அடக்கினால் குற்றமில்லாதவர் தண்டிக்கப்படுவார்.

பெரிய பதிப்பகங்களின் புகார் ஓயவில்லை. எல்சேவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும், ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் இணையதளத்துக்கு எதிராக 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க உத்தரவு வந்தது. மறுபக்கம், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் 2025 ஜனவரி முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்தன. பெரியார் பல்கலைக்கழக மாணவர் போன்றோருக்கு அது பெரும் வரவு. ஆனால் முதல் கட்டத்தில் இடம்பெற்றவை அரசு நிறுவனங்களே. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத் தனியார் கல்லூரிகளில் பயிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். கதவு மூடியிருக்கும்வரை திருட்டு வழியைத் தேடுவோர் இருப்பார்கள், புகார்களும் வரும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியது எளிது. புகாரை யாரிடம் தருவது என்பதைத் தமிழில் அறிவிக்க வேண்டும். எழுதியவரையும் ஏற்றியவரையும் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். முடிவின் காரணத்தை எழுதித் தர வேண்டும். வகுப்பறைக்கு 52ஆம் பிரிவு தந்திருக்கும் உரிமையை முதலாண்டிலேயே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அரசோ, தனியார் கல்லூரிகளையும் தாமதமின்றி அந்தச் சந்தாவுக்குள் சேர்க்க வேண்டும்.