சிலிண்டருக்கு எத்தனை ஆயுள்?

பழைய கார் ஒன்று நீலநிறப் புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் திணறி ஏறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே எண்ணெய் எரிகிறது என்பதற்கு அந்த நீலநிறமே சாட்சி. காரின் சொந்தக்காரர் பட்டறைக்குப் போகிறார். மெக்கானிக் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கேட்கிறார். "எஞ்சினை இறக்கி வேலை செய்யணும், சார். இல்லேன்னா வேற எஞ்சினே போட்டுடலாம்" என்கிறார். இரண்டுக்கும் பணம் வேண்டும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவராக இருந்தால், ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் இந்த ஒரு முடிவில் போய்விடும்.

இந்தக் கேள்வி மோட்டார் காரோடு கூடவே பிறந்தது எனலாம். ஆனால் இதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. மெக்கானிக்கின் திறமையும் சொந்தக்காரரின் வசதியும் மட்டும் அதைத் தீர்மானித்ததில்லை. எஞ்சினை வடிவமைத்தவர் அதில் எவ்வளவு இரும்பை மிச்சம் வைத்தார், உதிரிப் பாகங்கள் கிடைத்தனவா, அரசாங்கம் எதை இறக்குமதி செய்ய விட்டது என்பவையும் சேர்ந்தே தீர்மானித்தன. அந்த வரலாற்றுக்குப் போகுமுன், எஞ்சின் எங்கே, ஏன் தேய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

எஞ்சினின் உடல் பிளாக் எனப்படும் பெரிய வார்ப்புக் கட்டி. நெடுங்காலம் அது வார்ப்பிரும்பாகவே இருந்தது. அதில் குடைந்த உருளைத் துளைகளே சிலிண்டர்கள். அவற்றுள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் அடைக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 6,000 முறை நின்று திரும்புகிறது. ஓடும்போது ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அந்தப் படலம் கிழிந்துவிடுகிறது. வெடிப்பின் அழுத்தமும் அதே கணத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங்கு திரும்பும் இடத்தில்தான் அதிகம் தேய்கிறது. ஹெட்டைக் கழற்றிவிட்டுச் சிலிண்டருக்குள் விரலால் தடவினால், அந்த இடத்தில் ஒரு படி போலத் தட்டுப்படும்.

தேய்மானத்துக்கு உராய்வு மட்டுமே காரணம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1930-களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ் என்பவர் மோட்டார் எஞ்சினியர்கள் கழகத்துக்காக நடத்திய ஆராய்ச்சிகள் வேறொரு காரணத்தைக் காட்டின. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அது ஆவியாகவே வெளியேறிவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தாலோ சுவரில் வியர்வை போலப் படிந்து, எரிவாயுக்களிலுள்ள அமிலங்களைக் கரைத்துக்கொண்டு இரும்பை அரிக்கிறது. அரித்த துருவை அடுத்த ஓட்டத்தில் ரிங்கு வழித்தெடுக்கிறது. மறுபடியும் புதிய இரும்பு அரிபடுகிறது. இதனால்தான் நாள் முழுவதும் சூடாக ஓடும் டாக்சியின் சிலிண்டரைவிட, தெருவுக்குத் தெரு நின்று கிளம்பும் காரின் சிலிண்டர், மைலுக்கு மைல் கணக்கிட்டால், விரைவாகத் தேய்கிறது. "நூறு மைல்கூட ஓட்டுவதில்லையே, ஏன் சார் புகைகிறது?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

முதற்காலக் கார்களில் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்துக்கு ஏற்ப அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். ஒரு காரின் பாகம் அதே கம்பெனியின் அடுத்த காருக்குச் சேராது. எஞ்சின் கெட்டால் பழைய பாகத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதுதான். 1908-இல் லண்டனுக்கு அருகிலுள்ள புரூக்லண்ட்ஸ் பந்தய மைதானத்தில் நடந்த ஒரு சோதனை இந்த நிலை மாறிவிட்டது என்று உலகுக்குக் காட்டியது. ஹென்றி லீலண்ட் அமெரிக்காவில் தயாரித்த காடிலாக் கார்கள் மூன்றை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் அக்கக்காகக் கழற்றினார்கள். எது எந்தக் காருடையது என்று தெரியாதபடி பாகங்களைக் கலந்தார்கள். 89 பாகங்களை எடுத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக விற்பனையாளரின் கிடங்கிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். பிறகு மூன்று கார்களையும் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள், மூன்றும் ஓடின. காடிலாக்கின் பெருமையாகவே இதைச் சொல்வார்கள். என் கருத்தில், எஞ்சினைப் புதுப்பிக்கும் தொழிலுக்கு அன்றுதான் அடித்தளம் விழுந்தது. கடையில் வாங்கிய பாகம் பொருந்தும் என்ற உறுதி இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது அல்லவா?

அதே 1908-இல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி கார்கள் செய்யப்பட்டன. புழுதிச் சாலைகளில் ஓடிய அந்த எஞ்சினுக்குக் காற்று வடிகட்டி கிடையாது. புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் போலத் தேய்த்தது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளோ, வெள்ளை உலோகத்தை உருக்கிப் பிளாக்கிலேயே ஊற்றிச் செய்தவை. ஈயம் பூசுபவரைப் போல மெக்கானிக்கே உலோகத்தை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சரிசெய்வார். ஆனால் ஒரு வசதி இருந்தது. சிலிண்டர் ஹெட்டைத் தனியே கழற்றலாம். சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைந்துவிட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுவிடலாம். நாம் ரீபோர் என்று சொல்லும் வேலை இதுவே.

ரீபோர் செய்யும்போது சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு, 30 பங்கு, 40 பங்கு என்று படிப்படியாகக் கூட்டுகிறார்கள். பட்டறையில் சுருக்கமாகப் பத்து, இருபது என்பார்கள். சுவரின் தடிப்பு அதற்குமேல் இடம் கொடுக்காது. கிராங்க் ஷாஃப்டின் கதை இதற்கு நேர்மாறானது. சிலிண்டர் பெரிதாகிக்கொண்டே போகும். கிராங்க் தேய்த்துத் தேய்த்துச் சிறிதாகிக்கொண்டே போகும். 1930-களில் எஃகு முதுகுகொண்ட மெல்லிய பேரிங்குகள் பரவிய பிறகு உலோகம் ஊற்றும் வேலை குறைந்தது. கிராங்கைச் சாணை பிடித்து, அந்த அளவுக்கேற்ற பேரிங்கைக் கடையில் வாங்கிப் போட்டால் போதும் என்றாயிற்று.

அதே பத்தாண்டுகளில் ஃபோர்டு கம்பெனி இன்னொரு வழியைப் பரப்பியது. தேய்ந்த எஞ்சினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் புதுப்பித்த வேறொரு எஞ்சினை வாங்கிக்கொள்ளலாம். கார் பட்டறையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. கொடுத்த பழைய எஞ்சினும் புதுப்பிக்கப்பட்டு வேறு யாரோ ஒருவரின் காருக்குப் போகும். புதுப்பிப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கு இரண்டும் ஒன்றே என்று விடை சொன்ன முறை இது.

யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் அமெரிக்கா பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அடியோடு நிறுத்தியது. 1945 வரை புதுக் கார் இல்லை. தேய்ந்த எஞ்சினைத் தூக்கி எறியும் சௌகரியம் யாருக்கும் இல்லாமற்போயிற்று. நாற்பதையும் தாண்டிவிட்ட சிலிண்டரை மேலும் குடைந்து, அதற்குள் ஒரு புதுக் குழாயை இறுக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். ஸ்லீவ் போடுவது என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். அந்த ஆண்டுகளில் இத்தகைய வேலைகளுக்கு மிகுந்த தேவை இருந்தது.

இந்தியாவில் இந்தப் பஞ்சம் யுத்தத்தோடு தீரவில்லை. 1953-இல் மத்திய அரசு, பாகங்களை உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் இல்லாத கார்க் கம்பெனிகள் இங்கே தொடர இயலாத நிலையை உண்டாக்கியது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும், பம்பாயில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. சாலையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய அமெரிக்கக் கார்கள் அநாதைகளாயின. அவற்றின் எஞ்சின் கெட்டால் உண்மையான பாகம் கிடைப்பது அரிது. பெட்ரோலையும் அவை குடம் குடமாகக் குடித்தன. பலர் அந்த எஞ்சின்களை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். லாரிகளிலும் இது நடந்தது. சென்னை சிம்ப்சன் கம்பெனி 1950-களில் தயாரிக்கத் தொடங்கிய பெர்க்கின்ஸ் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் உட்காரும் அளவில் அமைந்திருந்தது. இங்கிலாந்திலும் பழைய லாரிகளுக்கு மறுவாழ்வு கொடுத்ததாக அது பெயர் பெற்றிருந்தது.

அம்பாசடரின் கதை வேறு. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் தயாரித்த அந்தக் காருக்கு, 1959-இல் 1,489 கன சென்டிமீட்டர் அளவுள்ள பி.எம்.சி. எஞ்சின் வந்தது. எம்.ஜி.ஏ. என்னும் பிரிட்டிஷ் பந்தயப் பாணிக் காரில் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சின்தான் என்றால் நம் டாக்சி ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்! அதன் சிலிண்டரின் குறுக்களவு 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 88.9 மில்லிமீட்டர். நாற்பது போர் வரை குடைந்தால் குறுக்களவு 74.041 ஆகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: எஞ்சினின் கொள்ளளவு 1,531 கன சென்டிமீட்டராக வளர்ந்திருக்கும். முதுமையில் 42 கன சென்டிமீட்டர் வளரும் பிராணி வேறெங்கும் உண்டோ?

அந்த எஞ்சின் ஏறத்தாழ மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. உலகம் முன்னேறும்போது நாம் மட்டும் பழையதையே ஓட்டுகிறோம் என்று பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறை நியாயமானதே. ஆயினும் அதில் ஒரு நன்மையும் ஒளிந்திருந்தது. 1980-இல் கடையில் வாங்கிய பிஸ்டன் 1960-இல் செய்த பிளாக்கில் போய் உட்கார்ந்தது. 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற தொழிற்சாலைகள் அந்தப் பாகங்களை உள்நாட்டிலேயே கொடுத்தன. லேத்தும் போரிங் மெஷினும் இருந்த சிற்றூரிலும் எஞ்சின் வேலை நடந்தது. புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில், ரீபோர் செய்வதே இயல்பான விடையாக இருந்ததில் வியப்பில்லை.

1973-இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபோது அந்தக் கணக்கும் புரண்டது. நன்றாக ஓடும் பெட்ரோல் எஞ்சினைக்கூட இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை வைப்பது டாக்சிக்காரர்களுக்கு லாபமாயிற்று. மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை வைத்த அம்பாசடர்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் பிற்காலத்தில் சர்வ சாதாரணம். எஞ்சின் கெட்டதால் மாற்றியவை அல்ல அவை. எரிபொருள் செலவு மாற்றியவை. வீட்டுக் காருக்கு இந்தக் கணக்கு அநேகமாக ஒத்துவருவதில்லை. மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் டீசலில் மிச்சப்படுத்தும் காசு, எஞ்சின் மாற்றிய செலவை ஈடுசெய்யுமுன் காரே துருப்பிடித்துவிடும்.

இவ்வளவு நேரமும் பார்த்தது வார்ப்பிரும்பு பிளாக்கின் வரலாறு. 1970-இல் அமெரிக்காவில் வந்த செவர்லே வேகா, பிளாக்கையே கேள்விக்குறி ஆக்கியது. 17 சதவீத சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் அதன் பிளாக்கை வார்த்தார்கள். உள்ளே இரும்புக் குழாய் எதுவும் இல்லை. கடினமான சிலிக்கான் துகள்கள்மீதே ரிங்குகள் ஓடின. எஞ்சின் அளவுக்குமீறிச் சூடானபோது பிளாக் கோணியது, சிலிண்டர்கள் கீறுண்டன. அவற்றைக் காப்பாற்றியவர்கள் பழைய முறைப் பட்டறைக்காரர்களே. அலுமினியத்தைக் குடைந்து இரும்பு ஸ்லீவ் போட்டார்கள். குற்றம் அந்தக் கலப்பு உலோகத்தினுடையது மட்டும் என்று சொல்லிவிட முடியாது. 1977-இல் வந்த போர்ஷே 928 அதே வகைக் கலவையில் செம்மையாக ஓடியது. 1990-களில் பி.எம்.டபிள்யூ. எஞ்சின்கள் சிலவற்றில் சிலிண்டருக்கு நிக்கல் கலந்த மெல்லிய முலாம் பூசினார்கள். கந்தகம் மிகுந்த பெட்ரோல் அதை அரித்தது. முலாம் போன சிலிண்டரைச் சாதாரணப் பட்டறையில் மீண்டும் பூச இயலாது. கம்பெனி பிளாக்கையே மாற்றிக்கொடுத்தது. இன்றைய கார்கள் பலவற்றில் சுவர்கள் மிக மெல்லியவை. சில எஞ்சின்களுக்குப் பெரிய அளவுப் பிஸ்டனே விற்பதில்லை. இவற்றுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியைத் தயாரித்தவரே விட்டுவைக்கவில்லை.

இரும்பு பிளாக் கொண்ட பழைய கார் உங்கள் வீட்டில் இருக்குமானால், முடிவெடுக்குமுன் ஒரு சிறு சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அழுத்தமானியை வைத்து எஞ்சினைச் சுற்றவிட வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடியும் அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால், ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தை எண்ணெய் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. தேய்ந்தது சிலிண்டரும் ரிங்கும். ஏறாவிட்டால் கோளாறு பெரும்பாலும் வால்வில் இருக்கும். ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்தால் போதும். அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் ஒன்றுபோலக் குறைந்திருந்தால், நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். புதுப்பிப்பதும் வேண்டாம், மாற்றுவதும் வேண்டாம் என்ற மூன்றாவது விடை இந்தச் சோதனையில் எத்தனையோ முறை கிடைத்திருக்கிறது.

சிலிண்டர்தான் தேய்ந்தது என்று தெரிந்துவிட்டால், ஹெட்டைக் கழற்றும்போது நீங்களும் அருகில் இருங்கள். பிஸ்டனின் தலையிலுள்ள கரியைத் துடைத்துவிட்டு, அங்கே எண் ஏதும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லை என்றால் சிலிண்டர் பிறந்த அளவிலேயே இருக்கிறது. 20 என்றிருந்தால் இன்னும் இரண்டு படி பாக்கி. 40 என்றிருந்தால் அடுத்தது ஸ்லீவ்தான். ஏற்கெனவே ஸ்லீவ் போட்டு, கிராங்க்கும் கடைசி அளவுக்கு வந்துவிட்டதென்றால் வேறு எஞ்சின்தான். அப்படி மாற்றினால், பிளாக்கில் பொறித்துள்ள புதிய எண்ணைப் பதிவுப் புத்தகத்திலும் மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.