ஒரு நிமிடச் சீனமும் குறத்தியின் மலையும்

1892 டிசம்பர் 18 அன்று பீட்டர்ஸ்பர்க் நகரின் மரீன்ஸ்கி அரங்கில் சைக்கோவ்ஸ்கி இசையமைத்த 'நட்கிராக்கர்' பாலே முதன்முதலாக மேடையேறியது. கிறிஸ்துமஸ் இரவில் இனிப்புகளின் நாட்டிற்குச் செல்லும் ஒரு சிறுமியின் கதை அது. இரண்டாம் அங்கத்தில் அவளை மகிழ்விக்கச் சாக்லேட்டும் காப்பியும் தேநீரும் ஆடுகின்றன. சாக்லேட் ஸ்பானியர், காப்பி அரபியர், தேநீர் சீனர். காப்பியின் 'அரபு' மெட்டு ஜார்ஜியத் தாலாட்டு ஒன்றிலிருந்து பெறப்பட்டது என்பது வேடிக்கை. சீன ஆட்டமோ ஒரு நிமிடத்தைச் சற்றே கடக்கும். அடியில் பஸூன்கள் ஒரே தாளத்தில் முணுமுணுக்க, மேலே புல்லாங்குழல் துள்ளியெழும். அந்த ஒரு நிமிடத்திற்குள் ஓர் இனத்தைக் காட்டியாக வேண்டும். ஆகவே சுட்டுவிரல்களை நிமிர்த்தித் தலையசைப்பதே பிற்கால மேடைகளில் சீனம் ஆயிற்று.

பிறிதோர் இனத்தாரை இவ்வாறு வேடமிட்டுக் காட்டும் ஆட்டம் நம்மிடமும் உண்டு. நம் விருதுநகர், சிவகாசிப் பகுதிக் கோயில் பொங்கல்களில், நையாண்டி மேளத்துடன் நிகழும் கரகாட்டத்தின் இடையே குறவன் குறத்தி ஆட்டம் வந்துகொண்டிருந்தது. குட்டைப் பாவாடை, இரட்டைப் பொருள் பேச்சு, கூட்டத்தின் விசில். குறத்தி என்றால் அவ்வளவுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறத்தியோ வேறு. திருக்குற்றாலக் குறவஞ்சியில் அவள் தன் மலையின் வளத்தை வாயாரப் பாடுகிறாள். தான் சென்ற நாடுகளைச் சொல்கிறாள். தலைவியின் கையைப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். அதன் பிறகே சிங்கன் அவளைத் தேடி வருகிறான், இருவரின் சரச உரையாடல் நிகழ்கிறது. 1944இல் ருக்மிணி தேவி இதனைக் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகமாக்கினார். கரகாட்ட மேடைக்கு வந்து சேர்ந்தது அந்தச் சரசம் மட்டுமே என்பது நம் கருத்து. மலை விடுபட்டுப் போயிற்று. பாட்டை இழந்த பாத்திரத்திடம் உடையைத் தவிர வேறென்ன மிஞ்சும்?

நியூயார்க் சிட்டி பாலே 2017இல் இசையைத் தொடாமல் சீன ஆட்டத்தின் ஒப்பனையையும் அசைவுகளையும் மாற்றியது. இங்கே குறவர் சமூகத்தை இழிவுபடுத்துவதாக வழக்கு எழுந்து, 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளிக்க, தமிழக அரசு இவ்வாட்டத்தைத் தடை செய்தது. தடை நியாயமானதே. ஆயினும் அரசாணை குறத்தியை மேடையிலிருந்து இறக்கியதே அன்றி அவள் பாட்டைத் திருப்பித் தரவில்லை. அது வகுப்பறையில், தேர்வுக்குரிய செய்யுளாகக் கிடக்கிறது.