மயில்கழுத்து நிறமும் பதினேழு பேரின் கண்ணும்

எங்கள் வீட்டில் பழைய கலர் போட்டோ ஒன்று இருக்கிறது. 1984இல் பிளவக்கல் பெரியாறு அணையின் மேல் எடுத்தது. அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், அம்மா பட்டுச் சேலையில், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. வத்திராயிருப்பில் அன்றைக்குக் கலர் பிலிம் கழுவ வசதி கிடையாது. ரோலை மதுரைக்கு அனுப்பி, மூன்று வாரம் கழித்துத்தான் படம் வந்தது என்பார் அம்மா. இன்றைக்கு அந்தப் படத்தில் மலையும் சேலையும் அப்பாவின் வேட்டியும் எல்லாமே ஒரே செங்கல் நிறம்.

அப்பா இறந்த பிறகு அதைச் சரிசெய்து பெரிதாக அச்சடித்து அம்மாவுக்குக் கொடுக்க நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தில் படித்ததும் பட்டதும்தான் இந்தக் கட்டுரை.

படம் ஏன் சிவந்தது என்பது எளிது. கலர் போட்டோத் தாளில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: சயான், மெஜந்தா, மஞ்சள். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் இருட்டில், ஆல்பத்துக்குள் இருந்தாலும்கூட, சயான் சாயம்தான் முதலில் கெடும். சயான் போனால் மிஞ்சுவது சிவப்பு. பழைய ஈஸ்ட்மென்கலர் சினிமா பிரிண்ட்கள் இளஞ்சிவப்பாக ஓடுவதும் இதே காரணத்தால்தான். தியேட்டரில் பழைய படம் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் நினைவிருக்கும்.

ஸ்கேன் செய்து, ஆபீஸ் லேப்டாப்பில் உட்கார்ந்து, மிச்சமிருந்த சயானை இழுத்து உயர்த்தினேன். மலை பச்சையானது. சேலைக்கு வந்தபோது அம்மாவிடம் போனில் கேட்டேன். "மயில்கழுத்துய்யா அது. ஒங்க அப்பா எடுத்துக் குடுத்தது" என்றார். எனக்குத் தெரிந்த மயில்கழுத்தைக் கொண்டுவந்து, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பினேன். வந்த பிரதி இருண்டு, சேலை வேப்பிலைப் பச்சையாக இருந்தது. அச்சகத்துக்காரரிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்பது வருடம் மெஷினில் நின்று ஓய்வுபெற்ற அவருடைய பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தார். பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, ஒங்க மானிட்டர என்னைக்காவது அளந்து பாத்திருக்கீங்களா?"

இருபது வருடம் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் நான். அளந்ததே இல்லை.

சிவகாசிக்காரர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. நிறம் சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஊர் அது. தீப்பெட்டி லேபிளில் தொடங்கி காலண்டருக்கு வளர்ந்தது. பக்கத்துக் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) இருந்தார். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சு வழியாகத் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போனார்கள். நம்மில் பலருக்கு முருகனின் நிறம் இன்னது என்று தெரிந்ததே அந்தக் காலண்டர்களால்தான். மூலச் சித்திரத்தில் இருந்த நீலம் அச்சில் அப்படியே வந்ததா என்பதை அன்றைக்கு அளக்கக் கருவி இல்லை. பெரியவர் சொன்ன முறை இது: ப்ரூஃபை எடுத்துக்கொண்டு அச்சகத்தை விட்டு வெளியே வருவது, நேர்வெயில் படாத வடக்குப் பக்க நிழலில் மூலத்தையும் ப்ரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. மாலை நாலு மணிக்கு மேல் பார்க்கவே மாட்டார்களாம், வெளிச்சம் மஞ்சளாகிவிடும் என்று. இன்றைக்கு ஐஎஸ்ஓ 3664 என்ற தரம் இதையே டி50 விளக்கு, 2000 லக்ஸ் என்று எண்ணில் சொல்கிறது.

அதற்கும் முன்னால், 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். எந்தக் கல்லில் எவ்வளவு என்று பிரித்தெழுதியவர்கள் கண்ணாலேயே பிரித்தார்கள். மூன்று நிறம் போதும் என்பதை 1861இல் லண்டனில் மேக்ஸ்வெல் செய்துகாட்டியிருந்தார். அவர் படமெடுக்க எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கட்டம் போட்ட துணி ரிப்பன். அதில் ஒரு வேடிக்கை. அன்றைய போட்டோத் தகட்டுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. நூறு வருடம் கழித்து ஆராய்ந்தவர்கள், அந்த ரிப்பனின் சிவப்புச் சாயம் புறஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியதால்தான் சிவப்பு பதிந்தது என்று கண்டார்கள். உலகின் முதல் கலர் போட்டோ பாதி அதிர்ஷ்டம்.

சரி, என் லேப்டாப். நண்பர் ஒருவரிடம் மானிட்டர் அளக்கும் கருவியை இரவல் வாங்கினேன். எலி மாதிரி இருக்கும்; திரையில் தொங்கவிட்டால், கணினி ஒவ்வொரு நிறமாகக் காட்டும், கருவி அளக்கும். மென்பொருளுக்கு ஆர்கில்சிஎம்எஸ், டிஸ்ப்ளேகால் இரண்டும் இலவசம். முடிவைப் பார்த்ததும் பெரியவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். திரையின் வெள்ளை 6500 கெல்வினில் இருக்க வேண்டியது, 7400இல் இருந்தது; அதாவது நீலம் கலந்த வெள்ளை. அந்த நீலத்தை ஈடுகட்ட நான் என்னையறியாமல் மஞ்சளைக் கூட்டியிருக்கிறேன். மயில்கழுத்தில் மஞ்சள் கூடினால் பச்சை. வெளிச்சம் முழுதாக வைத்திருந்ததால் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிய, படத்தை இருட்டாக்கி அனுப்பியிருக்கிறேன். அச்சகம் நான் கொடுத்ததைத்தான் அச்சடித்தது.

மூன்றாவது கோளாறு திருத்தவே முடியாதது. பேனலின் விவரத்தில் "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருக்கும். மலிவு லேப்டாப் வாங்கியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது 1953ஆம் வருடத்து அமெரிக்க டிவி நிறவெளியோடு ஒப்பிட்ட கணக்கு. இன்றைய எஸ்ஆர்ஜிபியில் சொன்னால் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல். மீதி நிறங்கள் அந்தத் திரையில் கிடையாது. எத்தனை அளந்தாலும் வராது. இல்லாத சாயத்தைக் கேட்டால் மெஷின்காரர் எங்கே போவார்?

கருவி இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியான சாம்பல் பட்டையைத் திரையில் போட்டுப் பாருங்கள். எந்தப் படியிலாவது இளஞ்சிவப்போ பச்சையோ எட்டிப்பார்த்தால் அந்தத் திரையை நம்பாதீர்கள். கடைசி இரண்டு கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தாலும் அப்படியே. தலையை மேலும் கீழும் ஆட்டும்போது நிறம் மாறினால் அது டிஎன் பேனல், போட்டோ வேலைக்கு ஆகாது. "முகத்தின் நிறத்தை வைத்துச் சரிபார்" என்ற அறிவுரையை மட்டும் யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள். கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. எங்கள் அப்பா முகம் எந்தக் கல்யாண ஆல்பத்திலும் நிழலாகத்தான் இருக்கும். அதற்கு அந்த அட்டையும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

வேறு மானிட்டர் வாங்கினேன். மானிட்டர் தேடும்போதுதான் நிறவெளிகளின் கதைக்குள் விழுந்தேன். 1993இல் ஆப்பிள், அடோபி, கோடாக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி அமைப்பைத் தொடங்கின. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ப்ரொஃபைல் என்ற ஏற்பாடு அங்கிருந்து வந்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபியை முன்வைத்தன. ஹெச்டி டிவிக்கு முடிவான மூன்று முதன்மை நிறங்களையே எடுத்துக்கொண்டன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நீலமும் பச்சையும் சேரும் மூலையில் அது குறுகல். அச்சு மையின் சயானே அதற்குள் முழுதாக அடங்காது. மயில்கழுத்து குடியிருப்பது அந்த மூலையில்தான்.

அந்த மூலையை விரித்துக் கொடுத்தது அடோபி ஆர்ஜிபி. அதன் பிறப்பு எந்தப் புரோகிராமருக்கும் பிடிக்கும். 1998இல் ஃபோட்டோஷாப் 5க்காக ஒரு டிவி தரத்தின் எண்களை ஆவணத்திலிருந்து எடுத்தார்கள். எடுத்தது தவறான எண்கள். ஒன்றைப் பெயர்த்தெழுதியதிலும் பிழை. பிறகு கண்டுபிடித்துத் திருத்தப் போனால், அச்சு வேலைக்காரர்களுக்கு அந்தத் தவறான நிறவெளியே வசதியாக இருந்தது. பெயரை மட்டும் மாற்றி வெளியிட்டார்கள். உலகமே பயன்படுத்தும் பக். நான் எழுதிய பக் எதற்கும் இப்படி ஒரு யோகம் வாய்க்கவில்லை.

இனி அளவுகோல் வேண்டும். படத்தில் எது நடுநிலை நிறம்? அப்பாவின் வேட்டி வெள்ளை என்று அதைக் குறியாக வைத்து ஒரு முறை சரிசெய்தேன். படம் முழுக்க மஞ்சள் பாய்ந்தது. அம்மாதான் காரணம் சொன்னார்: "நீலப்பொடி முக்காம ஒங்க அப்பா வேட்டி கட்டுவாராக்கும்?" மஞ்சள் பழுப்பை மறைக்க நீலம் போட்டு வெளுத்த வேட்டி, கண்ணுக்கு வெள்ளை, கணக்குக்கு நீலம்.

அம்மாவின் சேலையில் முந்தானைத் துண்டு ஒன்று சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. இருட்டில் மடித்து வைத்த பட்டு, சாயம் அவ்வளவாகப் போகவில்லை. அதையும் 24 கட்டம் கொண்ட நிற அட்டையையும் (1976இல் வந்தது, இன்றைக்கும் அதற்கு மாற்று குறைவு) எடுத்துக்கொண்டு பிளவக்கலுக்குப் போனேன். படத்தில் இருக்கும் அதே கைப்பிடிச் சுவர், அதே காலை நேரம். துண்டை வெயிலில் பிடித்தேன். பச்சை. கொஞ்சம் திருப்பினேன். நீலம்.

மயில்கழுத்து என்பது ஒரு நிறம் இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப ஒன்று மேலோங்கும். அச்சக நண்பரின் ஸ்பெக்ட்ரோ கருவியும் துணியைத் திருப்பித் திருப்பி வைத்தால் வேறு வேறு எண்தான் சொன்னது. ஒரு திசையில் வைத்தால் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கும், இன்னொரு திசையில் அடங்காது. காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உருவாக்கிய "எம்.எஸ். ப்ளூ"வைக் கடைக்குக் கடை ஒவ்வொரு நீலமாகக் காட்டுகிறார்களே என்று முன்பு சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

கோணத்தைப் படத்திலிருந்தே கணித்தேன். சேலை மடிப்புகளில் வெயில் விழும் திசை தெரிகிறது. அதே திசையில் துண்டை மடித்து எடுத்த படத்தின் எண்களை வைத்துச் சேலையைத் திருத்தினேன். திரையின் வெளிச்சத்தை 100 கேண்டெலாவுக்குக் குறைத்து, அறையின் மஞ்சள் விளக்கை அணைத்து, மூன்று இரவு. அச்சகத்தில் டி50 விளக்குப் பெட்டிக்குள் பிரதியையும் பட்டுத் துண்டையும் வைத்துப் பார்த்தோம். பெரியவரும் வந்திருந்தார். பெட்டியில் ஒரு முறை பார்த்துவிட்டு, வழக்கம் போல வாசலுக்கு எடுத்துப் போய் நிழலில் பார்த்தார். "போகலாம்" என்றார்.

அம்மாவிடம் கொடுத்தேன். ஹாலில் எல்இடி டியூப் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, திண்ணைக்கு எடுத்துப் போனார். ரொம்ப நேரம் பார்த்தார், முதலில் அப்பாவை, பிறகு சேலையை. "பச்சை தூக்கலா இருக்கேய்யா" என்றார்.

பட்டுத் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். "இதுவும்தான் பச்சையா இருக்கு. அன்னைக்கு நீலமாத்தான இருந்துச்சு!"

எனக்குச் சட்டென்று உறைத்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். "அட, இப்ப சரியா இருக்கு. அன்னைக்குப் பாத்த அதே நீலம்." அவருக்குப் போன வருடம்தான் வலது கண்ணில் புரை நீக்கினார்கள். இடது கண்ணில் புரை இன்னும் இருக்கிறது. வயதானால் கண்வில்லை மஞ்சளாகும், நீலத்தைத் தடுக்கும். ஓவியர் மோனேவுக்கு 1923இல் ஒரு கண்ணில் புரை நீக்கிய பிறகு நிறங்கள் பற்றி வந்த குழப்பம் பிரபலம்.

நான் நம்பிய அத்தனை எண்களுக்கும், எஸ்ஆர்ஜிபி, லேப், டெல்டா ஈ எல்லாவற்றுக்கும், அடியில் இருப்பது 1931இல் சிஐஇ அமைப்பு வகுத்த "நிலைப் பார்வையாளர்". 1920களின் கடைசியில் லண்டனில் ரைட் பத்துப் பேரையும் கில்டு ஏழு பேரையும் உட்காரவைத்து எடுத்த சோதனைகளின் சராசரி. பதினேழு பேர். கை நீட்டினால் கட்டைவிரல் அகலம் இருக்குமே, அவ்வளவு சின்ன நிறப் புள்ளியைப் பார்த்து அவர்கள் சொன்னதை வைத்துத்தான் நம் மானிட்டர்களும் போன்களும் அச்சகங்களும் ஓடுகின்றன. இதை மறுத்தவர்களில் நம் சி.வி. ராமனும் உண்டு. கடைசிக் காலத்தில் பூக்களையும் கண்ணையும் ஆராய்ந்து 1968இல் ஒரு நூலே எழுதினார். மூன்று நிறக் கொள்கையை ஏற்கவில்லை. அதில் அவர் பக்கம் தவறு என்றுதான் படுகிறது. ஆனாலும், தன் கண்ணால் பார்க்காமல் யாரோ வகுத்த சராசரியை ஏற்க மறுத்த அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கிறது.

இடது கண்ணுக்காக ஒரு பிரதி தனியாக நீலம் கூட்டி அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றார். தை மாசம் அந்தக் கண்ணுக்கும் ஆபரேஷன். "அது முடியட்டும். ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுச் சொல்றேன்."

படம் இப்போதைக்கு திண்ணைக்கு நேரே, உள்சுவரில் மாட்டியிருக்கிறது. பட்டுத் துண்டைச் சித்தி திரும்ப வாங்கிக்கொண்டார்.