காலியான இருக்கையும் கட்சியின் கதியும்

அரபு மொழியில் முன்னே சென்றவரை 'ஸலஃப்' என்றும், அவருக்குப் பின்னே வந்தவரைக் 'கலஃப்' என்றும் வழங்குவர். 'கலீஃபா' என்னும் சொல்லும் பின்வருதல் என்ற பொருளுடைய அதே வேரினின்று பிறந்ததேயாகும். ஒருவருக்குப் பின் இவர் வந்தார், இவருக்குப் பின்னும் ஒருவர் வருவார் என்னும் நினைவூட்டல், ஆட்சித் தலைமைக்கு அம்மொழியார் இட்ட பெயருக்குள்ளேயே அமைந்து கிடக்கிறது.

மக்களாட்சி முறையில் சட்டமன்ற, நாடாளுமன்ற இருக்கைகளும் இத்தகையனவே. உறுப்பினர் ஓய்வு பெறுவார், அல்லது இறப்பார், அல்லது மேற்பதவிக்குச் செல்வார், அல்லது கட்சியை விட்டே விலகுவார். அவர் எவ்வாறு சென்றாலும் இருக்கை காலியாகிறது. அவ்வாறு காலியான இடத்தில் அவருடைய கட்சியின் கதி என்ன? மேடைப் பேச்சுகளில் இதற்குத் துரிதமான விடைகள் பல கிடைக்கும். நாமோ இவ்வினாவைக் குமரி மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றினிடம் கேட்டுப் பார்க்க விழைகிறோம்.

இருவகைக் கருத்துகள்

நெடுநாள் உறுப்பினர் ஒதுங்கிக் கொண்டால் கட்சிக்கு நட்டமே என்பது ஒரு கருத்து. அமெரிக்காவைச் சான்று காட்டுவர். 2018ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் மீண்டும் அவ்விடங்களுக்குப் போட்டியிடவில்லை. சபாநாயகர் பால் ரயனே அவர்களுள் ஒருவர். அவ்வாண்டுத் தேர்தலில் அக்கட்சி சுமார் 40 இடங்களை இழந்து பெரும்பான்மையையும் பறிகொடுத்தது. ஆயினும் ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். தோல்வி வருமென்று முன்னுணர்ந்தே சிலர் ஒதுங்குவதுண்டு. அவ்விடத்து ஓய்வு என்பது நோயன்று, நோயின் குறி. ரயன் விட்டுச் சென்ற தொகுதியோ அவர் கட்சியிடமே தங்கிற்று.

பழைய முகங்கள் விலகினால் கட்சிக்கு இலாபமே என்பது மற்றொரு கருத்து. இதற்குச் சான்று குஜராத். 2021இல் அங்கு முதலமைச்சர் விஜய் ரூபானியும் அவருடைய அமைச்சர்கள் அனைவரும் மாற்றப்பட்டனர். 2022 தேர்தலில் ரூபானி போட்டியிடவில்லை. பாரதீய ஜனதா கட்சி 182 இடங்களில் 156ஐ வென்றது. ஆட்சியின்பால் மக்களுக்கு இருந்த சலிப்பைப் பழைய முகங்களோடு அனுப்பிவிட்டனர் என்று நோக்கர் கூறினர்.

ஒரே செயலுக்கு இருவேறு விளைவுகள். ஆகவே, விலகுதல் என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. விலகியவர் எதை விட்டுச் சென்றார் என்பதே வினா. அதைக் காண நம் மாவட்டத்தைக் காட்டிலும் தக்க இடம் அரிது.

நேசமணி விட்டுச் சென்றது

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தன. அதற்காகப் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர் மார்ஷல் ஏ. நேசமணி. 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தோரின் நினைவு இன்றும் மார்த்தாண்டம், புதுக்கடைப் பக்கங்களில் மறையவில்லை. இணைப்பு நிறைவேறியபின் அவ்வியக்கம் இந்திய தேசிய காங்கிரஸில் கலந்தது. 1957இல் அதன் தலைவர்களுள் ஒருவரான தாணுலிங்க நாடாரும், 1962இலும் 1967இலும் நேசமணியும் நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றம் சென்றனர்.

1967ஆம் ஆண்டின் சிறப்பை வாசகர்கள் அறிவார்கள். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் அரிசித் தட்டுப்பாடும் காங்கிரஸின் மீது மக்களுக்குக் கடுஞ்சினம் மூட்டியிருந்த காலம் அது. தமிழகத்தின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளுள் மூன்றே அக்கட்சிக்குக் கிடைத்தன. அம்மூன்றில் ஒன்று நாகர்கோவில். 1968 ஜூன் முதல் நாள் நேசமணி காலமானார், இருக்கை காலியாயிற்று.

பதவியைத் துறந்தவர் வந்தார்

அவ்விருக்கைக்கு வந்தவர் காமராஜர். அவர் வரலாறே பதவி விலகலுக்கும் கட்சியின் வெற்றி தோல்விக்கும் உள்ள உறவைப் பற்றியதோர் பாடம். மூத்த தலைவர்கள் ஆட்சியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் வகுத்த திட்டத்தின்படி, 1963 அக்டோபர் 2ஆம் நாள் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். அவருடன் வேறு ஐந்து மாநில முதலமைச்சர்களும், லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன்ராம் உள்ளிட்ட ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். கட்சியை வலுப்படுத்தவே அத்திட்டம் பிறந்தது. ஆனால் நான்கே ஆண்டுகளில் தமிழகத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. பின்னர் அது மீளவேயில்லை. காமராஜரும் தம் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார்.

அவர் பதவியைத் துறந்திராவிடில் கட்சி தோற்றிராது என்று இன்றும் சொல்வோர் உளர். அதனை நாம் முற்றிலும் ஏற்பதற்கில்லை. கிளர்ச்சியும் பஞ்சமும் அவரையும் விட்டு வைத்திரா. எனினும் ஒன்று தெளிவு. கட்சியின் முகமாக இருந்தவர் ஆட்சியை விட்டபோது, அம்முகத்தைப் பார்த்து வாக்களித்து வந்த எளிய மக்களுக்கு அதற்கு ஈடான மற்றொரு முகம் காட்டப்படவில்லை.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தல் நடந்தது. அப்போது ஆட்சியிலிருந்தது திராவிட முன்னேற்றக் கழகம். அதன் ஆதரவோடு சுதந்திராக் கட்சியின் டாக்டர் மத்தியாஸ் எதிர்த்து நின்றார். காமராஜரோ இம்மாவட்டத்தார் அல்லர். ஆயினும் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நேசமணி திரட்டிய மக்கள் அவருக்கு மட்டும் உரியோராயிருந்தால் அவரோடு கலைந்திருப்பர். அவர்கள் ஓர் இயக்கத்துக்கும், அவ்வியக்கம் பெற்றுத் தந்த மாவட்டத்துக்கும் உரியோராயிருந்தனர். மேலும், 1956 முதல் 1963 வரை காமராஜரின் ஆட்சியை, பள்ளிக்கூடமாகவும் பிள்ளைகளின் மதிய உணவாகவும் அவர்கள் நேரில் கண்டிருந்தனர். முன் சென்றவர் நிலத்தைப் பண்படுத்தி வைத்தார். பின் வந்தவரும் வெறுங்கையோடு வரவில்லை.

1971இல் ஸ்தாபன காங்கிரஸுக்குத் தமிழகத்தில் கிடைத்த ஒரே நாடாளுமன்ற இடம் நாகர்கோவிலே. 1975 அக்டோபர் 2ஆம் நாள் காமராஜர் மறைந்தார். 1977 பொதுத் தேர்தலில் அவருடைய அணுக்கத் தொண்டரும் அகஸ்தீஸ்வரத்து மைந்தருமான குமரி அனந்தன் அதே இடத்தை வென்றார். இருமுறை மரணம் குறுக்கிட்டும் இருக்கை கைமாறவில்லை.

மஞ்சேரியின் சான்று

இதற்கு இணையான வரலாறு மலபாரில் உண்டு. நம் வாசகர்கள் பலருக்கு அது வீட்டுக் கதை போன்றது. 1957இல் பி. போக்கர் சாகிப் வென்ற மஞ்சேரித் தொகுதியில், 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த மர்ஹூம் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அவர்கள் வென்றார்கள். 1972 ஏப்ரலில் அன்னார் மறைந்தபோது, முஸ்லிம் லீக்கின் கதை முடிந்தது என்று எண்ணியோர் இருந்தனர். 1973 இடைத்தேர்தலில் சி.எச். முஹம்மது கோயா வென்றார். 1977 முதல் இப்ராஹீம் சுலைமான் சேட். 1991 முதல் இ. அஹமது. ஒருவர் பின் ஒருவராக அச்சங்கிலி நீண்டது.

அது அறுந்ததும் உண்டு. 2004இல் அஹமது மஞ்சேரியை விட்டுப் பொன்னானிக்குச் சென்றார். கேரளம் முழுவதும் இடதுசாரி அலை வீசிய தேர்தல் அது; அவர் அணி மாநிலத்தில் வென்ற ஒரே இடம் அவர் நின்ற பொன்னானி. அவர் விட்டுச் சென்ற மஞ்சேரியையோ மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்ஸா வென்றார். அலை அடியாத நாளில் இயக்கமே இருக்கையைக் காக்கும். அலை அடிக்கும் நாளில் பழகிய ஆளும் வேண்டியிருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

நீண்ட காலம் இருந்தவர்

நாகர்கோவிலுக்குத் திரும்புவோம். 1980 முதல் 1998 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் வென்றவர் என். டென்னிஸ். முதல் நான்கு முறை இந்திரா காங்கிரஸ். பின்னிரு முறை மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ். கட்சி மாறியும் தோற்கவில்லை என்று இதனைப் படிப்பது பிழை. இங்குள்ள வாக்காளரின் கண்ணுக்கு 1996இல் மூப்பனாரின் கட்சியே காங்கிரஸாகத் தோன்றிற்று. ஆளும் அமைப்பும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன.

ஆனால் அந்த நீண்ட காலத்தின் பின்விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். 1999இல் பாரதீய ஜனதா கட்சியின் பொன். இராதாகிருஷ்ணன் வென்றார். 2004இல் கூட்டணிக்காகத் தொகுதி மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மினுக்கும், கன்னியாகுமரி எனப் பெயர் மாறிய பின் 2009இல் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சனுக்கும் சென்றது. 2014இல் மீண்டும் இராதாகிருஷ்ணன். காங்கிரஸின் பெயரில் ஒருவர் இங்கிருந்து நாடாளுமன்றம் செல்ல 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1982 மண்டைக்காடு கலவரத்துக்குப் பின் சமய வழியில் அணிகள் பிரிந்ததும், கட்சி இரண்டாக உடைந்ததும் இதற்குக் காரணங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏறத்தாழ இருபதாண்டுகள் ஒரே பெயரை எழுதிப் பழகிய கட்சி, இரண்டாவது பெயர் ஒன்றை மக்களிடம் அறிமுகம் செய்து வைக்கத் தவறியது என்பதும் காரணமன்றோ?

மூவகைப் பிரிவு, மூவகைத் தீர்ப்பு

அண்மைக் கால நிகழ்ச்சிகள் மூன்று இவ்வினாவுக்கு மேலும் ஒளி தருகின்றன. 2019இல் எச். வசந்தகுமார் கன்னியாகுமரியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அப்போது அவர் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரிச் சட்டமன்ற உறுப்பினர். அப்பதவியை அவர் துறந்ததால் அவ்வாண்டு அக்டோபரில் அங்கு இடைத்தேர்தல் வந்தது. மேற்பதவிக்குச் சென்றவரின் இடத்தைக் காங்கிரஸ் இழந்தது, ஆளுங்கட்சியான அ.தி.மு.க. வென்றது. 2021இல்தான் காங்கிரஸ் அதை மீட்டது.

2020 ஆகஸ்டு 28ஆம் நாள் வசந்தகுமார் கொரோனாத் தொற்றுக்கு ஆளாகி மறைந்தார். 2021 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த் வென்றார். மறைந்தவரின் குடும்பத்தின்பால் மக்களுக்கு இரக்கம் இருந்தது. ஆனால் வித்தியாசம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மரணத்தால் வரும் அனுதாபம் இருக்கையைக் காக்கக்கூடும். முன்னவரின் செல்வாக்கு முழுவதையும் அது பின்னவருக்குப் பெற்றுத் தருவதில்லை.

மூன்றாவது விளவங்கோடு. 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களில் காங்கிரஸின் சார்பில் வென்ற விஜயதரணி, 2024 பிப்ரவரியில் உறுப்பினர் பதவியைத் துறந்து பாரதீய ஜனதா கட்சியில் சேர்ந்தார். மும்முறை வென்றவர் போனபின் இடம் நிலைக்குமா என்ற ஐயம் எழுந்தது. ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸின் தாரகை கத்பர்ட், முன்னவர் 2021இல் பெற்ற வித்தியாசத்தைக் காட்டிலும் மிகுதியான வித்தியாசத்தில் வென்றார். விலகியவர் தம்மோடு வாக்குகளைக் கொண்டு செல்லவில்லை. அவை அவருடையனவாக இருந்ததுமில்லை.

இறந்தவருக்கு இரக்கம், மேற்பதவிக்குப் போனவரின் கட்சிக்குச் சோதனை, கட்சி மாறியவருக்கு மறுப்பு. ஒரே நிலப்பகுதியின் மக்கள் மூவகைப் பிரிவுக்கும் மூவகைத் தீர்ப்பு வழங்கியிருக்கின்றனர். வாக்காளர் பேதையர் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

எஞ்சும் பாடம்

ஓர் உஸ்தாதின் திறத்தை அவர் பாடம் நடத்தும் நாளில் முழுமையாக அளக்க இயலாது. அவர் மத்ரஸாவை விட்டுச் சென்ற மறு ஆண்டில், அதே கிதாபை அவருடைய மாணவர் ஒருவர் எடுத்து நடத்த முடிகிறதா என்பதே உரைகல். மக்கள் பிரதிநிதிக்கும் இஃதொக்கும். அவர் அமர்ந்திருக்கும் இருக்கை மக்கள் ஒப்படைத்த அமானத். அதைப் பெற்றுக்கொள்வதில் உள்ள பொறுப்பு, பழுதின்றி அடுத்தவர் கையில் சேர்ப்பதிலும் உண்டு.

குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் முதலிய ஊர்களில் உள்ள நம் குடும்பங்களுக்கு இது தொலைவிலுள்ள அரசியல் ஆராய்ச்சி அன்று. மீனவர் குடியிருப்பின் கடலரிப்புக்கும், பள்ளிக்கூடக் கட்டடத்துக்கும், வெளிநாட்டில் தவிக்கும் பிள்ளையின் விடுதலைக்கும் நாம் மனு எழுதிக்கொண்டு செல்வது ஒரு மனிதரைத் தேடித்தான். அம்மனிதர் ஒருநாள் இல்லாமற் போவார். அந்நாளில் மனுவைப் பெற மற்றொரு கை ஆயத்தமாக இருக்கிறதா என்பதைத் தேர்தலுக்கு முன்பே கேட்டறியும் உரிமை நமக்குண்டு. வேட்பாளரிடம் நாம் வழக்கமாகக் கேட்பது, "எங்களுக்கு என்ன செய்வீர்கள்?" என்பது. அதனோடு, "உங்களுக்குப் பின் யாரை உருவாக்கியிருக்கிறீர்கள்?" என்றும் கேட்போமாக. இதற்கு விடையுள்ள கட்சியை, எவர் ஓய்வு பெற்றாலும் மக்கள் எளிதில் கைவிடார்.