குழந்தையின் ஒரே உணவு

தாய்க்குப் பால் இல்லையாயின் குழந்தைக்கு எதனைப் புகட்டுவது? இவ்வினா புதியதன்று. நம் பழைய இலக்கியங்கள் நற்றாயின் அருகிலேயே செவிலித்தாயையும் நிறுத்திக் காட்டுகின்றன. நம் பாட்டிமார் பசும்பாலையும் ஆட்டுப்பாலையும் நீர் கலந்து காய்ச்சிப் பாலாடையால் புகட்டினர். இன்று அதே வினாவுக்குக் கடையிலுள்ள டப்பாக்கள் விடை கூறுகின்றன. அவ்விடைகளுள் ஒன்று சோயா மொச்சையிலிருந்து செய்யப்படும் குழந்தை உணவு. அது நலம் தருமா, தீங்கு செய்யுமா என்னும் வழக்கு நெடுநாளாக நடைபெற்று வருகிறது. நான் மருத்துவன் அல்லேன். பள்ளி ஆசிரியனாக இருந்தவன். ஆயினும் இவ்வழக்கின் வரலாறு மருத்துவர்க்கு மட்டுமன்றித் தாய்மார் அனைவருக்கும் உரியது என்பதால், அதனைச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

1867ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே என்பார் பாலையும் கோதுமை மாவையும் கொண்டு குழந்தை உணவு ஒன்றைச் செய்தார். அதன்பின் பசும்பாலைச் சார்ந்த பல உணவுகள் தோன்றின. ஆனால், பசும்பாலை ஏலாத குழந்தைகளும் இருந்தனர். அவர்களுக்கு உடலில் தடிப்பும் வயிற்றுப்போக்கும் கண்டன. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஜான் ருராஹ் 1909இல் சோயா மாவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். 1929இல் ஹில், ஸ்டூவர்ட் என்னும் இருவர் பால் ஒவ்வாத குழந்தைகளுக்கெனச் சோயா உணவை வகுத்தனர். ஆகவே, இவ்வுணவு ஒரு தேவையை முன்னிட்டே பிறந்தது என்பதை மறத்தலாகாது.

சீனரும் ஜப்பானியரும் பன்னூறு ஆண்டுகளாகச் சோயாவை உண்டு வாழவில்லையா என்று கேட்கலாம். உண்மையே. ஆனால், பெரியவர் காலையில் இட்லி, நண்பகலில் சோறு, குழம்பு, கீரை என உண்பர். ஒன்றில் இல்லாதது மற்றொன்றில் கிட்டிவிடும். பால்குடிக் குழந்தைக்கோ உணவு ஒன்றே. அதில் ஒரு பொருள் குறைந்தால் வேறெங்கும் கிட்டாது. மிகுந்தால் அதினின்று தப்பவும் வழியில்லை.

இவ்வுண்மையை உலகம் மும்முறை துன்பத்தின் வாயிலாகக் கற்றது. 1959, 1960ஆம் ஆண்டுகளில், சோயா உணவு உண்ட குழந்தைகள் சிலருக்குக் கழுத்தில் கழலை கண்டதாக அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். உணவில் அயோடின் சேர்க்கப்பட்டபின் அக்குறை நீங்கியது. 1978இல் ஒரு நிறுவனம், உப்பு மிகுதல் நன்றன்று என்று கருதித் தன் சோயா உணவுகளில் சேர்த்துவந்த உப்பை நீக்கியது. குளோரைடு குறைந்து, மறு ஆண்டில் குழந்தைகள் பலர் நோயுற்றனர். அதன் விளைவாக 1980இல் அமெரிக்காவில் குழந்தை உணவுச் சட்டம் பிறந்தது. 2003இல் இஸ்ரேலில் விற்கப்பட்ட ஒரு சோயா உணவில் வைட்டமின் பி1 இல்லாது போயிற்று. குழந்தைகள் சிலர் இறந்தனர். இம்மூன்றிலும் குறையை முதலில் காட்டிக் கொடுத்தவை ஆய்வுக்கூடங்கள் அல்ல, குழந்தைகளின் உடல்களே.

நான்காவது ஐயம் வேறு வகையினது. அது குறைவைப் பற்றியதன்று, மிகுதியைப் பற்றியது. சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்னும் பொருள்கள் உள்ளன. அவை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பைச் சிறிதளவு ஒத்துச் செயற்படுவன. உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டால், பெரியவரிடம் சுரப்பு விளைவை உண்டாக்கும் அளவினும் 6 முதல் 11 மடங்கு வரை இக்குழந்தைகள் பெறுகின்றனர் என்று 1997இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெற்றோர் அஞ்சினர். 2001இல் வெளியான மற்றோர் ஆய்வு, குழந்தைப் பருவத்தில் சோயா உணவோ பசும்பால் உணவோ உண்டு வளர்ந்த 811 பேரை ஆராய்ந்தது. சோயா உண்ட பெண்களுக்கு மாதவிடாய் சற்றே நீண்டிருந்தது. வளர்ச்சியிலோ மகப்பேற்றிலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை. 2010இல் அமெரிக்க நாட்டு நச்சியல் திட்டத்தினர் இதனை ‘மிகச் சிறு கவலைக்குரியது’ என்று மதிப்பிட்டனர். குறைமாதக் குழந்தைகளுக்கு இது வேண்டா என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2008இல் கூறியது. இங்கிலாந்தோ 2004லேயே இதனை முதல் தேர்வாகக் கொள்ளலாகாது என்றது.

நம் நாட்டின் வழி யாது? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் முறையைக் கண்டது. ஆனந்தில் அமுல் கூட்டுறவு நிறுவனத்தார் அதனைச் செய்து விற்றனர். பிறநாட்டு இறக்குமதியை நம்பியிருந்த காலத்தில் அது அரும்பணி. ஆயினும் விளம்பரம் தேவையை மீறி வளர்ந்தால் தாய்ப்பாலுக்கே கேடு நேரும் என்பதையும் நம் நாடு உணர்ந்தது. 1992இல் இயற்றப்பட்டு, 1993 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், தாய்ப்பால் மாற்று உணவுகளுக்கு விளம்பரமும் இலவச மாதிரிகளும் கூடாது என்றது. டப்பாவின்மேல் குழந்தையின் படத்தையும் அது தடுத்தது. பசும்பாலாயினும் சோயாவாயினும் விதி ஒன்றே.

நான் வாழும் வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குச் செல்லும் இளந்தாய்மார் பலர். தாய்ப்பால் மட்டுமே போதுமான காலம் முதல் ஆறு மாதம். 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேருக்குக் குறையாது வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. இவ்வுரிமைகளைக் கேட்டுப் பெறுதல் டப்பாவைத் தேடுதற்கு முன் செய்ய வேண்டுவது. வேலைக்குத் திரும்பியபின் தாய்ப்பாலைக் கிண்ணத்தில் எடுத்துவைத்தால், வீட்டிலுள்ளோர் பாலாடையால் புகட்டலாம்.

ஆயினும், பாலிலுள்ள சர்க்கரையே நஞ்சாகும் காலக்டோசீமியா என்னும் பிறவி நோயுற்ற குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது. சோயா உணவே உயிர் காக்கும். அத்தகைய தாய் வதந்திக்கு அஞ்சி அதனை நிறுத்திவிட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பாளாயின், அதுவே பெருந்தீங்கு. சோயா உணவு மருந்தைப் போன்றது. மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுக்க வேண்டும். சொல்லாதபோது நாமே கொடுத்தலாகாது.